வினையூக்கியும் மனித உயிரும்



இவ்வெள்ளி விழாவில் அறிவியல் குறித்துப் பேசுமாறு பணித்தார்கள். வினையூக்கியைப் பற்றிப் பேச விழைகின்றேன். இது வகுப்பறைச் சொல்தான். ஆயினும் நம் கள்ளக்குறிச்சி மக்களின் உயிரோடு தொடர்புடைய சொல்லாகும்.

வேதிவினையை விரைவுபடுத்தி, தான் செலவழியாமல் நிற்கும் பொருளே வினையூக்கி. நம் உடலில் அப்பணியை ஆற்றுபவை நொதிகள். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கின்றதன்றோ? அது உமிழ்நீரிலுள்ள நொதியின் செயல்.

2024 ஜூன் திங்களில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் அறிவோம். அவருள் பெரும்பாலோர் நம்மவர்; அன்றாடம் உழைத்துப் பிழைத்த கூலித் தொழிலாளர். அதற்கு முந்தைய ஆண்டு, 2023 மே திங்களில், மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் இத்தகைய சாவுகள் நேர்ந்தன. இரண்டிலும் கொன்றது மெத்தனால்.

கல்வராயன் மலைப்பகுதியில் வெல்லத்தை ஊறவைத்துக் காய்ச்சிய சாராயத்தில் இருப்பது பெரும்பாலும் எத்தனால். அதுவும் உடலைக் கெடுப்பதே. மெத்தனாலோ, செம்பு, துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றை வினையூக்கியாகக் கொண்டு தொழிற்சாலையில் ஆக்கப்படுவது. வண்ணப்பூச்சு முதலிய தொழில்களுக்கு உரியது. நிறத்தாலோ மணத்தாலோ இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று.

மெத்தனால் உடலுக்குள் சென்றதும் நிகழ்வது யாது? கல்லீரலிலுள்ள ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதனை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகின்றது. மற்றொரு நொதி அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகின்றது. எறும்பின் கடியில் எரிச்சலூட்டும் அதே அமிலந்தான் இது. இவ்வமிலம் திசுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. கண் நரம்பைச் சிதைக்கின்றது. நஞ்சை நம் உடலின் வினையூக்கியே ஆக்கித் தருகின்றது. இம்மாற்றத்திற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் முதலில் நலமாகவே தோன்றுவார். பின்னரே வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு ஆகியவை தலைகாட்டும்.

அந்த நொதியைத் தடுப்பதே மருத்துவத்தின் அடிப்படை. ஃபோமிபிசோல் என்னும் மருந்து அதனைச் செய்கின்றது; அமெரிக்காவில் மெத்தனால் நஞ்சுக்கு இது 2000-இல் ஒப்புதல் பெற்றது. மருத்துவர் அளவறிந்து தரும் தூய எத்தனாலும் நொதியைப் பற்றிக்கொண்டு மெத்தனாலை விலக்கும். இரத்தச் சுத்திகரிப்பு எஞ்சிய நஞ்சை வெளியேற்றும். இவை மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கவை. மேலும் சாராயம் ஊற்றினால் சரியாகும் என்று எவரும் எண்ணலாகாது.

ஆராய்ச்சி மேலும் வளர்கின்றது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக அறிஞர்கள் 2024 மே திங்களில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். திரிந்த பாலின் தெளிநீர்ப் புரதத்தை இழைகளாக்கி, அவற்றில் இரும்பு அணுக்களைத் தனித்தனியே பதித்துக் கூழொன்று செய்தனர். அது குடலிலேயே எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றது. சுண்டெலிகளிடம் செய்த சோதனையில் 5 மணி நேரத்தில் இரத்தத்தின் மதுவளவு 56 விழுக்காடு குறைவாக இருந்தது. அவ்வாய்வு எத்தனாலைப் பற்றியதே; மெத்தனால் நஞ்சுக்கு அது மருந்தாகாது.

இளைஞர்களே! இதனின்று நாம் கொள்ளவேண்டியன இரண்டு. ஒன்று, குடித்ததைச் சொல்ல வெட்கி, வயிற்றுவலி என்று மறைத்துப் படுத்திருத்தல் உயிரைப் பறிக்கும். எவர் வீட்டிலேனும் இது நேர்ந்தால், பழிக்காதீர்கள். உண்மையை மருத்துவரிடம் கூறி உடனே சேர்ப்பியுங்கள். மலையூர்களிலிருந்து இறங்கி வரவே நேரமாகும். ஆதலின் அங்கே ஒவ்வொரு நாழிகையும் அரிது. மற்றொன்று, இறந்தோரைக் குடிகாரர் என்று இகழ்ந்து ஒதுக்குவோர் முன், அவர்தம் பிள்ளைகளைப் பள்ளியினின்று நழுவவிடாமல் காப்பது நம் கழகத்தின் கடமை.

கருணாபுரத்துப் பிள்ளை ஒருவன் நாளை வேதியியல் பயின்று, அந்நொதியைத் தடுக்கும் மலிவான மருந்தை ஆக்குவானாயின், அதனினும் பெரிய விழா நமக்கு வேறில்லை. அவனைப் படிக்கவைப்போம்.