ஆச்சிக்கு ஊத்துன மயோனைஸ்: பச்சை முட்டை இல்லாம ஒரு வெள்ளை டிரஸ்ஸிங்

இன்னைக்கு எபிசோடு நம்ம சாத்தான்குளம் வீட்டு அடுப்படியில இருந்து. பின்னாடி மிக்ஸி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

விஷயம் என்னன்னா, சாலட் மேல ஊத்துற வெள்ளையா, கெட்டியா, வழவழன்னு இருக்குற டிரஸ்ஸிங். அதை வீட்டுல எப்படிப் பண்றது? ரெசிபி சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும்.

2024 கிறிஸ்துமஸ் சமயம். அம்மாவுக்கு அந்த வருஷம் தூத்துக்குடி மக்ரூனை வீட்டுலயே போடணும்னு ஆசை. மக்ரூனுக்கு முட்டையோட வெள்ளைக்கருதான் வேணும். வெள்ளைக்கருவைச் சீனி போட்டு நுரையா அடிச்சு, அண்டிப்பருப்புத் தூள் சேர்த்து, இளஞ்சூட்டுல வேகவைக்கணும். அப்போ மஞ்சள்கரு மிச்சம். கிண்ணத்துல நாலு மஞ்சள்கரு மினுமினுன்னு கிடக்கு. “ஏல, இதை என்னல செய்ய?”னு அம்மா கேட்டாங்க. நான் பெரிய ஆளு மாதிரி, “மயோனைஸ் போடுதேன், பாருங்க”ன்னு மிக்ஸியை எடுத்தேன்.

நல்லாத்தான் வந்துச்சு. வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் நறுக்கி அது மேல ஊத்தி எல்லாரும் சாப்பிட்டோம். மிச்சத்தை மூடி மேசை மேலயே வச்சாச்சு. சாயங்காலம் பொரிச்ச மீனுக்குத் தொட்டுக்கிட ஆச்சி அதையே எடுத்துக்கிட்டாங்க.

மறுநாள் ராத்திரி ஆச்சிக்குக் காய்ச்சல், வயித்தால போக ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏறுச்சு. எழுபத்தெட்டு வயசு உடம்பு. காரணம் அந்த மயோனைஸ்தான்னு யாரும் டெஸ்ட் பண்ணிச் சொல்லல. ஆனா வீட்டுல அதை ரெண்டு தடவை சாப்பிட்டது ஆச்சி ஒருத்தர்தான். ராத்திரி பெஞ்சுல உக்காந்து நான் கூகுள்ல தேடித் தேடிப் படிச்சதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

முட்டையில சால்மோனெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்க வாய்ப்பு இருக்கு. ஓட்டைக் கழுவிட்டா சரியாயிடும்னு நான் நினைச்சிருந்தேன். அதுல ஒரு வகை கோழியோட சினைப்பையிலயே தொத்தி, ஓடு உருவாகுறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள போயிடும். வெளிய எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் உள்ள இருக்கறது போகாது, வேகவைக்கணும். மயோனைஸ்ல நாம வேகவைக்கிறதே இல்ல. அதோட நம்ம ஊர் வெயில்ல அஞ்சாறு மணி நேரம் மேசையில வச்சா, கொஞ்சமா இருந்தது நிறைய ஆயிடும். சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, மாசமா இருக்குறவங்க, இவங்களைத்தான் அது கடுமையா தாக்கும். நமக்கு வயித்துவலியோட போறது அவங்களுக்கு உயிர்ப் பிரச்சினை ஆகலாம்.

நாலு மாசம் கழிச்சு நியூஸ் வருது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருஷம் தடை. கேரளாவுல 2023 ஜனவரியிலயே வந்தாச்சு, தெலங்கானாவுல 2024 அக்டோபர்ல. “மயோனைஸையே தடை பண்ணிட்டாங்க”ன்னு வாட்ஸப்ல ஓடுச்சு. அப்படி இல்ல. தடை வந்தது பச்சை முட்டையில செய்யுற மயோனைஸுக்கு மட்டும்தான். தயாரிக்கிறது, சேமிக்கிறது, விக்கிறதைப் பத்தின உத்தரவு அது. முட்டை இல்லாத மயோனைஸை எந்தக் கடையும் தாராளமா விக்கலாம். ஆனா என் வீட்டு மிக்ஸியைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப் போறதில்ல. அங்க நான்தான் பொறுப்பு.

சரி, முட்டை இல்லாம அந்த வழவழப்பு எப்படி வரும்? முதல்ல முட்டை என்ன வேலை பார்க்குதுன்னு தெரியணும். எண்ணெயும் தண்ணியும் சேராது. மஞ்சள்கருவுல லெசித்தின்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு பக்கம் எண்ணெய் பிடிக்கும், இன்னொரு பக்கம் தண்ணி பிடிக்கும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு அடிக்கும்போது அது குட்டிக் குட்டி உருண்டையா உடையுது. ஒவ்வொரு உருண்டையையும் லெசித்தின் சுத்தி நின்னுக்குது, மறுபடி ஒண்ணு சேர விடாது. மயோனைஸ்ல முக்கால்வாசி எண்ணெய்தான். எண்ணெயும் ஓடும், தண்ணியும் ஓடும், ரெண்டும் சேர்ந்தா மட்டும் ஏன் கெட்டியாகுது? சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போற பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. உள்ள இருக்குற ஒவ்வொருத்தருக்கும் நடக்கத் தெரியும், ஆனா யாராலயும் நகர முடியாது. அதே கதைதான்.

அந்தக் காவல் வேலையைப் பாலும் பார்க்கும். பால்ல இருக்குற கேசின் புரதம் எண்ணெய் உருண்டையைச் சுத்தி நிக்கும். காய்ச்சி ஆறவச்சு ஃபிரிட்ஜ்ல குளிரவச்ச பால் 100 மில்லி, சூரியகாந்தி எண்ணெய் 200 மில்லி, உப்பு, கொஞ்சம் கடுகுத்தூள். எல்லாத்தையும் உயரமான டம்ளர்ல ஊத்தி, கைப் பிளெண்டரை அடியில ஊன்றி ஓட்டணும். கெட்டியானதும் மெதுவா மேல தூக்கணும். எலுமிச்சைச் சாறு கடைசியிலதான். நான் முதல்லயே ஊத்திட்டு, பால் திரிஞ்சு, எல்லாத்தையும் கீழ கொட்டினேன். கடைசியில ஊத்தினா அதே புளிப்பு இன்னும் கெட்டியாக்கும். ஒரு எச்சரிக்கை: 200 மில்லி எண்ணெய்ங்கிறது சின்ன விஷயம் இல்ல. தினமும் சாப்பிடுற சாமான் இல்ல இது.

தயிர் எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா. வேட்டித் துணியில கட்டி மூணு மணி நேரம் தொங்கவிட்டா கெட்டித் தயிர். உப்பு, மிளகு, மல்லித்தழை, ஒரு சின்னப் பல் பூண்டு. அவ்வளவுதான். இதைப் பச்சடின்னு நீங்க சொன்னா நான் சண்டைக்கு வரமாட்டேன். அமெரிக்காவுல ரொம்பப் பேர் விரும்புற ராஞ்ச் டிரஸ்ஸிங்கே மோர்ல பண்ணினதுதான். ஸ்டீவ் ஹென்சன்னு ஒருத்தர் கலிபோர்னியாவுல ஹிட்டன் வேலின்னு ஒரு பண்ணை நடத்தினார். வர்ற விருந்தாளிகளுக்கு மோர், மயோனைஸ், மசாலா கலந்து குடுத்தார். பிறகு அந்த மசாலாவைப் பொட்டலம் போட்டு வித்தார். 1972-ல குளோராக்ஸ் கம்பெனி அந்தப் பிராண்டை 80 லட்சம் டாலருக்கு வாங்குச்சு. மோர்ல இவ்வளவு காசா!

ஆனா என் ஓட்டு அண்டிப்பருப்புக்குத்தான். வெளியூர்க்காரங்களுக்கு முந்திரிப்பருப்பு. நம்ம தேரிக்காட்டுச் செம்மண்ல பனைக்கு அடுத்தபடியா கொல்லா மரம் நிக்குது, அதை விட்டுட்டு வேற எங்க போக? முந்திரியில கிட்டத்தட்ட பாதிக்குக் கொஞ்சம் கம்மியா கொழுப்புதான், புரதமும் கூடவே இருக்கு. அரைச்சாலே கிரீம். முழுப்பருப்பு வாங்க வேண்டாம், உடைசல் போதும், விலையும் கம்மி.

50 கிராம் பருப்பைக் கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் ஊறவைங்க. அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, சின்ன ஜார்ல போட்டு, காய்ச்சி ஆறின தண்ணி 60 மில்லி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு, அரைப் பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி ஊறவச்ச கடுகு சேர்த்து அரைங்க. கடுகு காரத்துக்கு மட்டும் இல்ல, எண்ணெய் பிரியாம பிடிச்சு வைக்கவும் உதவும். விட்டு விட்டு ஓட்டுங்க, ஜார் சூடாகக் கூடாது. விரல்ல தொட்டுத் தேய்ச்சா மணல் மாதிரி இருக்கக் கூடாது, அதுதான் பதம். கடைசியா ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு ஒரு சுத்து. இன்னும் கெட்டியா வேணும்னா ஃபிரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வைங்க. ஒரு தடவை உடன்குடி கருப்பட்டி துளி சேர்த்தேன். ருசி அருமை, நிறம்தான் சேறு. வெள்ளையா வேணும்னா சேர்க்காதீங்க.

முட்டை இல்லைங்கிறதுக்காக இதை மேசையில விட்டு வைக்காதீங்க. அரைச்ச பருப்பும் கெட்டுப்போற சாமான்தான். ஃபிரிட்ஜ்ல வச்சு ரெண்டு நாளைக்குள்ள முடிச்சிருங்க. எங்க தெருவுல கரண்ட் போனா எப்போ வரும்னு சொல்ல முடியாது, அதனால நான் அன்னைக்குத் தேவையானதை மட்டும்தான் அரைக்கிறேன். காய்கறியும் பச்சையாத்தானே சாப்பிடுறோம், ஓடுற தண்ணியில நல்லாக் கழுவிட்டு நறுக்குங்க. மக்ரூன் போட்டு மஞ்சள்கரு மிச்சமானா மிளகு போட்டு முழுசா வேகவச்சுப் பொரியல் பண்ணிருங்க.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ இதை அரைச்சு, வெள்ளரிக்காய் மேல ஊத்தி, ஆச்சிகிட்ட நீட்டினேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாங்க. “முட்டை இருக்கா எய்யா?” “இல்ல ஆச்சி. அண்டிப்பருப்புதான்.” ஒரு துண்டை எடுத்து வாயில போட்டு மென்னுட்டு, “குருமாவுக்கு அரைச்சு வச்சதைத் தூக்கிட்டு வந்துட்டியோ?”ன்னு கேட்டாங்க. அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க.

நீங்க அரைச்சுப் பார்த்துட்டு எப்படி வந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. திரிஞ்சு போனாலும் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம், வணக்கம்.