'லக்கி' என்னும் சொல்லும் நம் ஊர்ச் சொற்களும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கவிதையில் சொல் தேர்வு' என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். பரந்த தலைப்பு. அதனை ஒரே ஒரு சொல்லாகச் சுருக்கிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறேன். அச்சொல் தமிழ்ச் சொல்லும் அன்று. ஆயினும் நம் வீடுகளில் தமிழ்ச் சொற்களைவிட மிகுதியாக வழங்குவது. 'லக்கி' என்பதே அச்சொல்.

பேருந்தில் இடம் கிடைத்தால் லக்கி. மகனுக்கு வேலை கிடைத்தால் லக்கி. விபத்தில் உயிர் தப்பினால் லக்கி. வீட்டிற்கு வந்த மருமகள் லக்கி, அல்லது அன்லக்கி. ஆங்கிலத்தில் இச்சொல் மூன்று பணிகளைச் செய்கிறது. ஒருவரை லக்கி என்றால் அவர் நற்பேறு உடையவர். ஓர் எண்ணையோ பேனாவையோ லக்கி என்றால் அது நற்பேற்றைக் கொண்டுவருவது. ஓர் ஊகத்தை லக்கி என்றால் அது அறிவாலன்றித் தானாகப் பலித்துவிட்டது. உடையது, தருவது, நேர்ந்தது ஆகிய மூன்றிற்கும் ஆங்கிலேயர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டனர். நாமோ முதலாமவரை அதிர்ஷ்டசாலி என்போம். இரண்டாவதை ராசியான எண் என்போம். மூன்றாவதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்போம். 'காணப்படாதது' என்று பொருள்படும் சொல்லுக்கு முன்னே 'குருட்டு' என்னும் அடையும் வந்து ஒட்டிக்கொண்டது சுவையான செய்தி.

'லக்' பதினைந்தாம் நூற்றாண்டளவில் டச்சு, செர்மானிய மொழிகளின் பக்கமிருந்து ஆங்கிலத்தில் புகுந்தது. சூதாடிகளின் சொல்லாக வந்திருக்கலாம் என்பர் அகராதியாளர். 'சான்ஸ்' என்பதற்கு மூலமான இலத்தீன் வினைக்கு 'விழுதல்' என்று பொருள். உருட்டிய காய் எப்படி விழுகிறதோ அப்படி. இவ்விடத்தில் நம் தமிழும் அவர்களோடு கைகோத்து நிற்கிறது. நமக்கும் சீட்டு 'விழுகிறது', பரிசு 'விழுகிறது'. தமிழக அரசு 1968இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது, விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்னும் முழக்கம் ஊரெங்கும் பரவியது. 2003இல் சீட்டு விற்பனை தமிழகத்தில் தடை செய்யப்பட்டது. நம் ஊரிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்தால் அங்கே இன்றும் அரசே சீட்டு விற்கிறது. அதற்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் 'பாக்கியக்குறி'. நாம் கையில் வரும் பரிசைப் பெயராக்கினோம். அவர்கள் அதற்குப் பின்னே நிற்கும் பாக்கியத்தைப் பெயராக்கினார்கள்.

சீட்டுக் குலுக்குவது சூதுக்கு மட்டும் உரியதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையை அனைவரும் அறிவோம். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். யாருடைய கையும் சாயக்கூடாது என்பதற்காகவே அங்கே தற்செயலை அழைத்து வந்து நடுவராக அமர்த்தினர். அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார் இக்குடவோலையையே உவமையாக்குகிறார். போர்க்களத்தில் வீழ்ந்தவரின் குடரைப் பருந்து பற்றி இழுப்பது, குடத்திலிருந்து ஓலையை எடுப்பதுபோல் இருக்கிறதாம். நடுவுநிலையின் கருவியை இத்தனை கொடிய காட்சிக்கு உவமையாக்கத் துணிந்த புலவரை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

இனி, நம் பழஞ்சொற்களுக்கு வருவோம். தொல்காப்பியர் காலந்தொட்டு விதியைக் குறிக்கும் சொல் 'பால்'. பகுக்கப்பட்டது, பங்கு என்பது அதன் அடிப்பொருள். வடமொழி 'பாக்கியம்' என்பதும் பாகம் என்னும் பங்கிலிருந்து பிறந்ததே. கிரேக்கர் விதியைக் குறித்த 'மொய்ரா' என்னும் சொல்லுக்கும் பங்கு என்றே பொருள். யாரோ பந்தியில் பரிமாறுகிறார்கள், நம் இலையில் விழுந்தது இவ்வளவு என்னும் எண்ணம் இம்மூன்றிலும் உண்டு. 'ஊழ்' வேறு வகையானது. முறை என்றும் முதிர்தல் என்றும் பொருள் தருவது. காய் கனியாவதுபோல வினை தன் காலத்தில் முதிர்ந்து பயன் தரும் என்பது அதன் உட்கிடை. இங்கே பரிமாறுவார் எவரும் இலர்; மரமும் பருவமுமே உள்ளன. நம் பேச்சு வழக்கில் 'நல்லவேளை, மழைக்கு முன் நெல்லை அள்ளிவிட்டோம்' என்கிறோமே, அந்த நல்லவேளையும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். பாராட்டு ஆளுக்குப் போகாமல் பொழுதுக்குப் போய்விடுகிறது.

'அதிர்ஷ்டம்' என்பதன் வரலாறு இன்னும் வியப்பானது. வைசேடிகத் தத்துவத்தார் காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்கும், மரத்தினுள் நீர் மேலேறுவதற்கும் காரணம் அதிருஷ்டம் என்றனர். கண்ணுக்குத் தென்படாத காரணம் என்பதே அவர்கள் கருதியது. காரணம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. காணவில்லை என்றே சொன்னார்கள். அத்தகைய அடக்கமான சொல்லை நாம் நல்லதற்கு மட்டும் உரியதாகச் சுருக்கி, தீயதற்கு 'துர்' என்று ஒரு முன்னொட்டையும் சூட்டிவிட்டோம்.

திருவில்லிபுத்தூர் அன்பர்கள், எங்கள் ஊர்ச் சொல் எங்கே என்று கேட்கக்கூடும். உங்கள் ஊர்ப்பெயரின் முதலிலேயே 'திரு' நிற்கிறதே! செல்வம், திருமகள், நற்பேறு ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாங்கும் சொல் அது. எனினும் உங்கள் ஊருக்கே உரிய சொல்லாக நான் கருதுவது 'பேறு'. விஷ்ணுசித்தர் நந்தவனத்தில் துளசியடியில் ஒரு பெண்மகவைக் கண்டெடுத்தார் என்பது மரபு. பூவுக்காகப் போனவருக்குப் பெண் கிடைத்தாள். ஆங்கிலத்தில் இதை லக் என்று எழுதினால் எவரும் பிழை கூறமாட்டார். தமிழிலோ, 'பெற்றார்' என்னும் ஒரே வினை ஈன்றதற்கும் ஆகும், அடைந்ததற்கும் ஆகும். ஆதலால் ஈன்றெடுக்காத ஒருவரைப் 'பெற்றவர்' என்று தயக்கமின்றி அழைக்க நம் மொழி இடம் தருகிறது. கிருஷ்ணதேவராயர் இக்கதையை 'ஆமுக்தமால்யத' என்று தெலுங்கில் காவியமாக்கினார். இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் இல்லங்கள் பல உண்டு. அவர்களுக்கும் இந்நந்தவனத்தில் பங்குண்டு என்பதற்காக இதனைக் குறிப்பிட்டேன்.

வைணவப் பெரியோர் பேற்றை 'ஆறு' என்பதோடு இணைத்துப் பேசுவர். ஆறு வழி, பேறு அவ்வழியால் அடைவது. வழி நடக்காதவனுக்குப் பேறு உண்டா என்பது அவர்களை உறங்கவிடாத வினா. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இதற்கு ஒரு விடை தருகிறார். தன் பயிருக்கு நீர் இறைப்பவனின் வாய்க்காலில் தாகத்தோடு வந்த அடியார் ஒருவர் நீர் பருகினார். தனக்கென்று கட்டிய திண்ணையின் நிழலில் வேறொருவர் ஒதுங்கினார். இறைத்தவனும் கட்டியவனும் அறம் செய்ய எண்ணியவர் அல்லர். ஆயினும் இறைவன் இவற்றைத் தேடிப் பொறுக்கி, என் அடியார்க்கு நீர் தந்தாய், நிழல் தந்தாய் என்று அவர்கள் கணக்கில் வரவு வைக்கிறானாம். இதற்கு 'யாத்ருச்சிகம்', அதாவது தற்செயலாய் நேர்ந்த நற்செயல், என்று பெயர். தற்செயல் என்பது ஒருவர் நமக்கு வைத்திருக்கும் பரிவின் சாக்கு என்று கூறுகின்ற இவ்விடத்திற்கு ஈடாக ஒன்றை நான் படித்த ஆங்கிலத்தில் கண்டதில்லை.

இராசபாளையத்திற்கு வருவோம். இங்கே அடிக்கடி காதில் விழுவது 'கொடுத்து வைத்தவர்' என்னும் தொடர். முற்பிறவியில் ஈந்ததை வைப்பாக வைத்திருந்து இப்பிறவியில் எடுப்பவர் என்பது கருத்து. இத்தொடரை இப்பிறவிக்கே பொருத்தக்கூடிய மனிதர்களும் இவ்வூரில் இருந்தனர். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து, 1952 தேர்தலில் தோற்று, பின் ஒரிசாவின் ஆளுநரான குமாரசாமி ராஜா, தம் இல்லத்தைக் காந்தி கலைமன்றத்திற்கு ஈந்தார். கொடுத்தார், வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் என் நெஞ்சில் நிற்பது வேறு. பஞ்சாலையிலோ சத்திரப்பட்டிப் பக்கத்தில் மருத்துவத் துணித் தறியிலோ உழைக்கும் தாயின் மகள், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வெளியே வருகிறாள். 'நீ ரொம்ப லக்கிம்மா' என்று உடன் நிற்போர் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறார்கள். அச்சொல்லில் தாயின் இரவு ஷிப்ட் இல்லை. அவள் அடகு வைத்த நகை இல்லை. மகள் விழித்திருந்து படித்த பாடமும் இல்லை. 'கொடுத்து வைத்தவள்' என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்தது யார் என்னும் வினா உடனே எழும். தமிழில் நற்பேற்றைக் குறிக்கும் சொற்களுள் பெரும்பாலானவை இவ்வாறு ஒரு கணக்கைத் திறந்து வைப்பவை. பங்கிட்டவர் யார், விதைத்தவர் யார், ஈந்தவர் யார் என்று அவை கேட்கும். 'லக்கி' அக்கணக்கை மூடிவிடும்.

ஆகவே லக்கியைத் துரத்திவிடுங்கள் என்று நான் கூறப்போவதாக எண்ண வேண்டாம். கணக்குக் கேட்கும் மொழியில் தண்டனையும் உண்டு. 'ராசி' என்னும் சொல்லைப் பாருங்கள். வடமொழியில் குவியல் என்று பொருள். பின்னர் விண்மீன் கூட்டத்திற்காயிற்று. அதன்பின் மனிதரின் கைக்கும் காலுக்கும் ஆயிற்று. (சண்டையிட்டவர் 'ராசியாகிவிட்டார்கள்' என்கிறோமே, அந்த ராசி அரபு மொழியிலிருந்து வந்தது; உறவில்லை.) தமிழிலும் களத்து நெற்குவியல் 'பொலி', பொலிதல் என்றால் செழித்தல். நெல் அளக்கையில் முதல் மரக்காலை ஒன்று என்னாமல் 'லாபம்' என்று எண்ணும் வழக்கத்தையும் அறிவீர்கள். குவியலும் நற்பேறும் ஒரே சொல்லில் அமர்வது உழவரின் மொழிக்கு இயல்பே. பால்கோவாக் கடைக்காரர் காலையில் முதல் போனிக்குக் கைராசியுள்ளவரை எதிர்பார்ப்பதில் எவருக்கும் தீங்கில்லை.

அச்சொல் பெண்ணின்மேல் வந்து அமரும்போதுதான் நிலை மாறுகிறது. மருமகள் வந்த மாதத்தில் மாமனார் இறந்தால் அவள் 'ராசியில்லாதவள்'. தறி நின்றால், மாடு செத்தால், கணவனுக்கு வேலை போனால், எல்லாம் அவள் கால் வைத்த நேரம். நேர்ந்த ஒன்றை அவள் உடைய ஒன்றாக, அவள் தருகின்ற ஒன்றாக மாற்றிவிடுகிறது இச்சொல். கணவனை இழந்தவளை மங்கல விழாவின் முன்வரிசையிலிருந்து எழுப்பி அனுப்புவதும் இச்சொல்லே. அத்தகைய பெண்ணிடம் ஒருவர் வந்து, 'இது வெறும் பேட் லக், உன்மேல் ஒன்றுமில்லை' என்று சொன்னால், அந்நேரத்தில் ஆங்கிலமே அவளுக்குத் தாய்மொழி. சூதாடிகளின் சொல்லுக்கு அந்த ஈரம் உண்டு. காய் விழுந்தது, எவரும் தள்ளிவிடவில்லை.

அந்த ஈரத்திற்கு நாம் கடல் கடந்து போகவேண்டியதுமில்லை. திருக்குறளில் ஊழ் என்னும் அதிகாரத்தையே எடுத்துப் பேசிப் பழகிய நாம், ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 618ஆம் குறளை அத்துணை நின்று பார்ப்பதில்லை. 'பொறியின்மை' எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறார் வள்ளுவர். பொறி என்பதற்கு இவ்விடத்தில் பயன் தரும் விதி என்று பொருள் கொண்டார் பரிமேலழகர்; உறுப்பு என்று கொள்வாரும் உளர். எப்பொருள் கொண்டாலும் 'எவர்க்கும்' என்றவர் மருமகளை விலக்கிவிட்டுச் சொல்லவில்லை. பொறி என்னும் இச்சொல் இப்பொருளில் வழக்கொழிந்துவிட்டது. வழக்கொழிந்த சொல்லை மீட்பதில் கவிஞரைவிட வல்லார் யார்? 'பொறியில்லாதவள்' என்று ஒருவர் எழுதினால் படிப்பவர் ஒரு கணம் நிற்பார். ராசியில்லாதவள் என்று எழுதினால் நிற்கமாட்டார், தலையசைத்துக் கடந்துபோவார்.

இன்னும் ஒரே ஒரு செய்தி. 'குட் லக்' என்பதை மொழிபெயர்த்துத் தருமாறு மாணவியர் என்னிடம் கேட்பதுண்டு. 'நற்பேறு வாய்க்கட்டும்' என்று எழுதலாம். அகராதி ஏற்கும், நாக்கு ஏற்காது. நம் ஊர்த் தாய்மார்கள் தேர்வுக்குப் போகும் பிள்ளைக்கு நற்பேற்றை வாழ்த்துவதில்லை. வாசலில் நின்று, 'பதறாம எழுதிட்டு வா' என்கிறார்கள்.