ஆளுக்கொரு பிளேட்

(சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆண்களுக்காக நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் கூட்டம் வைத்தால் தாய்மார்தான் வருவார்கள். போஷாக்கு, தடுப்பூசி, மலசலகூடம் என்று பேசுவோம். நீங்கள் எல்லாம் இஸ்தோப்பிலேயே நின்றுவிடுவீர்கள். இன்றைக்கு ஆண்களை மட்டும் கூப்பிட்டிருக்கிறேன். விஷயம் வேறொன்றுமில்லை, முகம் வழிக்கிற விஷயம்தான். பாருங்கள், இப்போதே சிரிக்கிறீர்கள். "மீசை முளைச்ச நாள் தொட்டு வழிக்கிறோம், இதுக்கு ஒரு கூட்டமா ஐயா?" என்று பின்னால் ஒருவர் கேட்பது எனக்குக் காது கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சில காலத்துக்கு முன்பு ஒரு இளைஞர் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லப் போவதில்லை. டவுனில் நடந்த இரத்ததான முகாமில் அவர் நல்ல மனதோடு இரத்தம் கொடுத்திருக்கிறார். நம் நாட்டில் தானமாகக் கிடைக்கிற இரத்தத்தை எல்லாம் பரிசோதித்த பிறகுதான் நோயாளிக்கு ஏற்றுவார்கள். அந்தப் பரிசோதனையில் இவருடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் நோய்க் கிருமி இருப்பது தெரிய வந்து, வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக வேலை செய்கிறார். ஆனால் கடிதத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

நான் கூடவே போனேன். வைத்தியர் அமைதியாக இருக்க வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பச்சை குத்தியிருக்கிறாயா, இரத்தம் ஏற்றியிருக்கிறாயா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஷேவ் பண்ணுற பிளேட்டை வேற யாரும் பாவிக்கிறாங்களா?" என்றார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் அப்பா, மூன்று அண்ணன் தம்பிகள், ஆக நான்கு ஆண்கள். இஸ்தோப்புத் தூணில் ஒரு ஆணி. அந்த ஆணியில் ஒரு ரேசர். பிளேட் தேய்ந்து முகத்தை இழுக்கிற வரைக்கும் நான்கு பேருக்கும் அதுதான். பக்கத்துக் காம்பராக்காரரும் அவசரத்துக்கு வந்து எடுத்துப் போவாராம்.

வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். அப்பாவுக்கு இல்லை. மூத்தவருக்கு இருந்தது. கடைசித் தம்பி சின்ன வயதிலேயே தடுப்பூசி போட்ட பிள்ளை, அவருக்கு இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் இது பிளேட்டால் வந்ததா, பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்ததா என்று வைத்தியராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. நானும் பிளேட்டால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரக்கூடிய ஒரு வழி அந்த ஆணியில் தினமும் தொங்கிக்கொண்டிருந்தது. இது உண்மை.

முகம் வழிக்கும்போது இரத்தம் தெரிந்தால்தான் வெட்டு என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எத்தனையோ விழும். அந்த இரத்தம் பிளேட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில் கூட, குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். பீலித் தண்ணீரில் கழுவினால் போகாது. டெட்டோலில் முக்கி எடுத்தாலும் நம்ப முடியாது. ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு ஈரல் நோயும் இரத்தத்தால்தான் பரவும். எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி வெளியில் அவ்வளவு தாங்காது என்றாலும், அடுத்தவர் இரத்தம் பட்ட பிளேட் நமக்கு வேண்டாம். ஈரல் நோய் பல வருஷம் சத்தம் போடாமல் இருந்துவிட்டு, ஈரல் சுருங்கிய பிறகோ புற்றுநோய் வந்த பிறகோதான் சிலருக்குத் தெரியவரும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003ஆம் ஆண்டில்தான் நம் நாட்டுக் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த உங்களில் பெரும்பாலானோர் அதைப் போட்டிருக்க மாட்டீர்கள். பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். அதைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதம் வந்த கதை எப்படியோ லயத்தில் பரவிவிட்டது. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பாய் போடவே தயங்கினார்கள். இது பெரிய பிழை. ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே கோப்பையில் குடிப்பதால், கையைப் பிடிப்பதால், பக்கத்தில் படுப்பதால் இந்த நோய் வராது. தள்ளி வைக்க வேண்டியது பிளேட்டைத்தான், பிள்ளையை அல்ல. இன்றைக்கு அந்த இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போய் வருகிறார்கள், வேலையும் செய்கிறார்கள்.

சரி, இனி ரேசருக்கு வருவோம்.

கவ்வாத்துக்காரர்களைக் கேட்கிறேன். உங்கள் கவ்வாத்துக் கத்தியை அடுத்தவருக்குக் கொடுப்பீர்களா? கொடுக்க மாட்டீர்கள். அவரவர் கைக்குப் பழகிய கத்தி. கூர் இல்லாத கத்தியால் வெட்டினால் வாது பிளந்து, செடி அழுகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. தேயிலைச் செடிக்குக் காட்டுகிற அந்தக் கவனத்தை உங்கள் கன்னத்துக்கும் காட்டுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

நம் தாத்தாமார் காலத்தில் தோல் வாரில் தீட்டுகிற மடக்குக் கத்திதான். அதற்குப் பழகிய கை வேண்டும். ஜில்லட் என்ற அமெரிக்கர், தேய்ந்தால் எறிந்துவிட்டு மாற்றக்கூடிய மெல்லிய பிளேட்டைக் கொண்டு வந்தார். 1903ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தபோது முதல் வருஷம் விற்றது 51 ரேசர்தான் என்று சொல்வார்கள். இன்றைக்கு நம் லயத்து ஆணி வரைக்கும் வந்துவிட்டது.

கடையில் இப்போது மூன்று விதம் கிடைக்கிறது. ஒன்று, இரண்டு பக்கமும் கூருள்ள பிளேட்டைப் போட்டுத் திருகுகிற இரும்பு ரேசர். ஒருமுறை வாங்கினால் பல வருஷம் பாவிக்கலாம், பிளேட் மட்டும் மாற்றினால் போதும். நம் வருமானத்துக்கு இதுதான் கட்டுப்படியாகும். இரண்டாவது, எறிந்துவிடுகிற பிளாஸ்டிக் ரேசர். பிரயாணத்துக்கு நல்லது, மீசை முளைக்கிற தம்பிகளுக்கும் பிடிக்க இலகு. மூன்றாவது, இரண்டு மூன்று பிளேட் அடுக்கிய தலையை மாற்றுகிற ரேசர். முகம் வழவழப்பாகும், ஆனால் தலை விலை கூட. சுருட்டை முடிக்காரருக்கு அது முடியைத் தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுவதால், முடி உள்ளேயே வளைந்து பரு மாதிரி வரலாம். கழுத்தில் அப்படி வருகிறவர்கள் ஒற்றைப் பிளேட்டுக்கு மாறிப் பாருங்கள். எதை வாங்கினாலும் ஆளுக்கு ஒன்று. வீட்டுக்கு ஒன்று அல்ல.

"காசு ஐயா?" என்று கேட்பீர்கள். ஒரு சிகரட் விலைக்குள் ஒரு பிளேட் வாங்கிவிடலாம். ஒரு பிளேட் சாதாரணமாக ஐந்தாறு தடவைக்கு வரும். முகத்தை இழுக்கத் தொடங்கினால் அன்றைக்கே மாற்றுங்கள். சுண்டு விரலில் தேய்த்துக் கூர் பார்க்காதீர்கள்.

இனி வழிக்கிற முறை. நம் ஆட்கள் விடியற்காலையில், பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், பீலியில் வருகிற ஐஸ் தண்ணீரைத் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுகிறார்கள். முடி விறைத்து நிற்கும், கை நடுங்கும், வெட்டாமல் என்ன செய்யும்? என் யோசனை, இதை அந்திக்கு மாற்றுங்கள். வேலை முடிந்து வந்து, அடுப்பில் சுட்ட தண்ணீரில் குளித்த கையோடு செய்யுங்கள். முடி நன்றாக நனைந்து மெதுவாகியிருக்கும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. மருந்து அடிக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். காலையில் வழித்த பச்சைக் கீறலோடு மருந்து டேங்கை முதுகில் போட்டுக்கொண்டு போனால், காற்றில் வருகிற களைநாசினி அந்தக் கீறல் வழியாக உடம்புக்குள் இறங்கும். முழுத் தோலை விடக் காயம் பட்ட தோல் அதிகமாக உறிஞ்சும். மருந்து அடிக்கிற நாள் காலையில் முகம் வழிக்கவே வேண்டாம். முதல் நாள் அந்தியில் முடித்துவிடுங்கள்.

குளித்த பிறகு சவர்க்காரத்தையோ ஷேவிங் கிரீமையோ விரலால் அல்லது பிரஷ்ஷால் நுரை வரத் தேய்த்து, ஒரு நிமிஷம் விடுங்கள். முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று தடவிப் பாருங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் கூட இருக்கும். முதலில் முடி சாய்கிற பக்கமாகவே வழியுங்கள். இரும்பு ரேசர் என்றால் கைப்பிடியை முகத்துக்கு நேரே நீட்டி, மேல்மூடி தோலில் படும்படி வைத்து, பிறகு கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேட் முடியைத் தொடுகிற இடத்தில் நிறுத்துங்கள். அமுக்க வேண்டாம், ரேசரின் பாரமே போதும். மறு கையால் தோலை இலேசாக இழுத்துப் பிடித்து, சின்னச் சின்னதாக இழுங்கள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் தண்ணீரில் அலசுங்கள். இன்னும் மழுங்க வேண்டும் என்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒருமுறை. வெறுந்தோலில் திரும்பத் திரும்ப இழுப்பதால்தான் எரிச்சல்.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். வெட்டுப் பட்டால் சுத்தமான துணியால் அமுக்கிப் பிடியுங்கள். படிகாரக் கல் தடவுகிறவர்கள் அதையும் ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதிலும் இரத்தம் படும். ரேசரைக் கழுவி, உதறி, காற்றுப் படுகிற இடத்தில் உலர விடுங்கள். துருப்பிடித்த பிளேட்டால்தான் ஏற்பு வலி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். காயத்தில் மண் பட்டால், புதுப் பிளேட் வெட்டாக இருந்தாலும் டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

சலூனுக்குப் போகிறவர்கள், உறையிலிருந்து புதுப் பிளேட்டை உங்கள் கண் முன்னால் உடைத்துப் போடச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல தொழிலாளி கேட்காமலே செய்வார். கருமாதிக்கு ஆற்றங்கரையில் ஐந்தாறு பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போடும்போதும், கோவிலில் பிள்ளைகளுக்கு முடி இறக்கும்போதும் இதே கதைதான். செலவுச் சாமானோடு தலைக்கு ஒரு பிளேட் என்று கணக்குப் போட்டு வாங்கிப் போங்கள். துக்க வீட்டில் இதை யார் பேசுவது என்று தயங்காதீர்கள். தலைவர்மார் இதை முன்னின்று செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, பழைய பிளேட். கூரை இடுக்கில் செருகுகிறீர்கள், கானில் எறிகிறீர்கள், தேயிலைச் செடிக்கு அடியில் வீசுகிறீர்கள். அந்தக் கான் ஓரத்தில் விளையாடுவது யார் பிள்ளை? அந்த நிரையில் வெறுங்காலோடு கொழுந்து பறிப்பது யார் வீட்டுப் பெண்? ஒரு வெறும் பால்மா டின்னை எடுத்து, மூடியில் பிளேட் நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய பிளேட் எல்லாம் அதற்குள். நிறைந்ததும் வாயை அடைத்து என்னிடம் கொண்டு வாருங்கள். டிஸ்பென்சரியில் ஒப்படைப்பது என் பொறுப்பு.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். எனக்கு முதல் முதல் முகம் வழித்தது அப்பாவின் ரேசரில், அப்பாவின் பிளேட்டில். அது அவர் எனக்குக் காட்டிய பாசம். அவருக்கு இதெல்லாம் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு இன்றைக்குச் சொல்லியாகிவிட்டது. உங்கள் மகனுக்கு மீசை முளைக்கும் நாளில் உங்கள் ரேசரைக் கொடுக்காதீர்கள். கடைக்குக் கூட்டிப் போய் அவனுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுங்கள். பிடிக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள்.

இரத்தப் பரிசோதனை பற்றியோ ஊசி பற்றியோ தனியாகக் கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். கேட்டது என்னோடு இருக்கும், லயத்துக்குப் போகாது.