தெருவைப் பற்றி நடப்பவரைக் கேளுங்கள்

(ஏனாத்தூரில் ஆற்றிய உரை)



காஞ்சி வட்டாரத்தில் தெரு என்பது போக்குவரத்துக்கு மட்டும் ஏற்பட்டதன்று. நெசவாளர் பாவு நீட்டுவதும் தெருவில்தான். உற்சவ மூர்த்தி எழுந்தருள்வதும் தெருவில்தான். 1993-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அமைந்த கல்வி நிலையம் இவ்வூரில் விளங்குவதால், வெளியூர் மாணவரும் நாள்தோறும் வந்து போகின்றனர். வண்டிகள் பெருகியிருக்கின்றன, நடப்பவருக்கு இடம் குறுகியிருக்கிறது.

2022-ஆம் ஆண்டில் நம் தேசத்தில் சாலை விபத்துக்களால் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; ஏறக்குறைய ஐவரில் ஒருவர். ஆயினும், சாலையைப் பற்றி யோசனை கேட்கும்போது நடப்பவரை நாம் கேட்கிறோமா? கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர் பெரும்பாலும் வண்டி உடையவர். மூதாட்டி பின்னால் நிற்பார். சிறுவரை எவரும் வினவுவதில்லை.

ஆகவே, கூட்டத்துக்கு முன்பே அவர்களிடம் நாம் செல்லவேண்டும். பள்ளி தொடங்கும் வேளையில் ஒருமுறையும், விளக்கேற்றிய பின் ஒருமுறையும் அவர்களோடு தெருவில் நடந்து பாருங்கள். எந்த வளைவில் முட்புதர் வண்டியை மறைக்கிறது, எங்கே கால்வாய்க்கு மூடியில்லை, எந்த இடத்தில் விளக்கு எரிவதில்லை, எங்கே கடக்க அஞ்சிக் குழந்தை நின்றுவிடுகிறது என்பவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்த இடத்தை மட்டுமன்று, நேராமல் தப்பிய இடத்தையும் கேளுங்கள். அதுவே முன்னெச்சரிக்கை.

அபிப்பிராய பேதம் எழும். வாசலில் கொட்டகை போட்ட கடைக்காரர் தம் பிழைப்பைச் சொல்வார். அதையும் கேட்டு, நடைவழி அடைபடாத ஏற்பாட்டைப் பலரறியப் பேசி முடிக்கவேண்டும். சிலர் உடனே வேகத்தடை கேட்பர். மனம்போனபடி மண்ணைக் குவித்தால், இரவில் வரும் இருசக்கர வண்டிக்காரர் விழுந்து உயிரிழக்கக்கூடும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கெனப் பொறியாளர் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. வண்ணப்பூச்சும் எச்சரிக்கைப் பலகையும் அதற்கு அவசியம். இடரை ஊரார் சொல்லட்டும். பரிகாரத்தைப் பொறியாளரோடு கலந்து முடிவு செய்வோம்.

பிறகு அவற்றைக் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் சபை கூடுகிறது. எந்தச் சாலை எவருடையது என்று பிரித்து எழுதுவது முக்கியம். ஊர்த் தெரு ஊராட்சியைச் சேர்ந்தது. சில சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. மற்றவை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. முகவரி தவறிய மனு மேசைக்கு மேசை அலையும்.

இறுதியாக ஒன்று. கேட்டதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. எது நிறைவேறியது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை அடுத்த சபையில் படித்துக் காட்டவேண்டும். சொன்ன சொல்லுக்குப் பதில் கிடைத்தால்தான் பின்வரிசையில் நின்ற மூதாட்டி மறுமுறையும் வாய் திறப்பார். அவர் அச்சமின்றிக் கடக்கக்கூடிய தெரு, வண்டியில் செல்பவருக்கும் நல்ல தெருவே.