வெயிலும் மூளையும்: நானோ மருந்து வரும்வரை என்ன செய்வது?

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கியில். மருத்துவம் பேசுகிறேனே என்று நம் குடியிருப்பில் உள்ள டாக்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். படித்துப் புரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று ஐந்து பேர் இறந்தார்கள். பலர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது அக்னி நட்சத்திரம்கூட இல்லை, புரட்டாசி மாதம்! அதே ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை தடுமாறுகிறது. பேச்சு குழறும், ஆள் அடையாளம் தெரியாது, வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். பிழைத்தவர்களிலும் சிலருக்கு நடையில் தள்ளாட்டம் தங்கிவிடுகிறது. சிறுமூளையில் உள்ள சில செல்கள் சூட்டைத் தாங்காதவை என்பதே காரணம்.

நம் மூளைக்கு ஒரு காவல் உண்டு. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் வருவதையெல்லாம் உள்ளே விடாமல் தடுக்கின்றன. வங்கி லாக்கர் அறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உரியவர்தான் உள்ளே போக முடியும். கடும் சூட்டில் இந்தச் சுவர் கசிகிறது. வரக்கூடாதவை உள்ளே வந்து மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காது. வீங்கிய மூளை நசுங்குகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல நல்ல மருந்துகளையும் இந்தச் சுவர் உள்ளே விடுவதில்லை.

இங்கேதான் நானோ வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்த அளவில் செய்த துகளிலோ கம்பியிலோ மருந்தை ஏற்றி அனுப்புகிறார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்து, சுவீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவரும் ஹரி சங்கர் சர்மாவின் குழு பல ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருக்கிறது. எலிகளை 38 டிகிரி சூட்டில் 4 மணி நேரம் வைத்து மூளையைப் பரிசோதிப்பது அவர்களுடைய முறை. சீன மருத்துவத்தில் பழகிய ஜிங்கோ மரத்தின் இலைச் சாற்றை டைட்டானியம் டை ஆக்சைடு நானோ கம்பிகளில் ஏற்றிக் கொடுத்தபோது, சாதாரணமாகக் கொடுத்ததைவிட மூளைப் பாதிப்பு பெருமளவு குறைந்தது என்று 2021-இல் எழுதியிருக்கிறார்கள்.

கேட்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இது இன்னும் முதிர்வடையாத டெபாசிட். எலியிலிருந்து மனிதனுக்கு வர நீண்ட தூரம் இருக்கிறது. அந்தக் கம்பிகள் நம் உடம்பில் தங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாக வேண்டும். எனவே டப்பாவில் 'நானோ' என்றோ 'மூலிகை' என்றோ அச்சடித்திருப்பதை நம்பி யாரும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஜிங்கோ ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதைச் சாப்பிட்டோம் என்ற தைரியத்தில் மத்தியானம் பாண்டி பஜாருக்குக் கிளம்பாதீர்கள்!

இன்றைக்குக் கைவசம் உள்ள மருந்து, உடம்பைச் சீக்கிரம் குளிர்விப்பதுதான். முதல் அரை மணி நேரம் மிக முக்கியம். ஒருவர் வெயிலில் உளற ஆரம்பித்தாலோ மயங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்க வேண்டாம். நிழலில் படுக்கவைத்து, உடைகளைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், கோடைக்கு முன்பே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் ஊரில் கடல் காற்று தாமதமாக வரும் நாட்களில் சூடு ஏறும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வியர்வையும் காயாது. நிழலில் இருப்பவர்களுக்கும் அது ஆபத்துதான்.

கடைசியாக, சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். வாட்ச்மேன் அறையின் தகரக் கூரைக்கு மேல் கீற்றுப் பந்தலும் உள்ளே ஒரு மின்விசிறியும் வேண்டும். கேட் அருகே, பார்சல் கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் சேர்த்து, மண்பானையில் குடிதண்ணீர் வைக்க வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களை ஏப்ரல், மே மாதங்களில் தினமும் மத்தியானம் யாராவது ஒருவர் போனில் விசாரிக்க வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கையும் நானே போட்டுத் தருகிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை.