பிள்ளைகள் ஓட, பெற்றோர் இரைக்க

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகளும் விளையாட்டும் என்னும் பொருள் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். பொருளோ பெரிது, எனக்களித்த நேரமோ பத்து நிமிடம். ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோரைப் பற்றி மட்டும் பேச எண்ணுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் நம் குழந்தைகள் பயிலும் பள்ளியொன்றில், நூலகத்துக்கு நிதி திரட்ட ஓட்டம் ஒன்று நடைபெற்றது. மைதானத்தை ஒருமுறை சுற்றிவந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உற்றாரும் அண்டை வீட்டாரும் முன்னதாகவே பிள்ளையின் அட்டையில் எழுதிக் கையொப்பமிடுவர். முக்கால் மணி நேரத்தில் பிள்ளை எத்தனை சுற்று வருகிறதோ, அத்தனை மடங்கு தொகை நிதிக்குச் சேரும். முதற்பரிசு என்பது இல்லை; இரண்டாம் பரிசும் இல்லை. ஆனால் கயிற்றுக்கு இப்பால் நின்ற நம்மவருள் பலர் அதனை அறிந்தவராகத் தோன்றவில்லை.

நண்பர் ஒருவர், பெயர் வேண்டா, கயிற்றை ஒட்டித் தாமும் ஓடினார். “விடாதே, முந்து! அவன் உன்னைத் தாண்டுகிறான் பார்! மதராசிப் பையன் பின்தங்கினான் என்று பேச்சு வரலாமா?” என்று அவர் எழுப்பிய குரல், சரக்கு வண்டியின் ஊதலையும் வென்றது. பத்து வயதுப் பையன் முதல் இரண்டு சுற்றையும் அம்பெனப் பாய்ந்தான். மூன்றாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாவதில் அமர்ந்துவிட்டான். ஆசிரியை நீர் கொடுத்தபோது, அதைப் பருகுமுன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். எனக்கு அன்று உறக்கம் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பார்வையே காரணம். அடுத்த வாரம் விளையாட்டு வகுப்புள்ள நாளில் அவனுக்கு வயிற்றுவலி வந்ததாகக் கேள்வி.

அதே மைதானத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, சிறிது ஓடுவதும் சிறிது நடப்பதுமாக, தோழியோடு பேசிக்கொண்டே வந்தாள். “நடக்கிறாயே!” என்று அவள் தந்தை பதறினார். “நடந்தாலும் சுற்றுக்குப் பணம் உண்டு, அப்பா” என்று விடையிறுத்து அவள் போய்க்கொண்டிருந்தாள். பன்னிரண்டு சுற்று வந்தாள். கணக்குப் பார்ப்பது என் தொழிற்குணம், ஆதலின் பார்த்தேன். பையனின் அட்டையில் சுற்றுக்கு 60 ரூபாய். ஐந்து சுற்றுக்கு 300. சிறுமியின் அட்டையில் சுற்றுக்கு 35 ரூபாய்தான். அதிலும் ஒரு ரூபாய் நம் தெருவில் இஸ்திரி போடுபவர் எழுதியது. பன்னிரண்டு சுற்றுக்கு 420 ஆயிற்று.

நண்பரை நான் குறை கூறுவதாகக் கொள்ளற்க. ஒரு பெட்டியும் படுக்கையும் கொண்டு, மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய நமக்கு, மதிப்பெண்ணும் முதலிடமுமே சொத்தாக வாய்த்தன. அந்த அச்சம் இன்னும் நம்மை விட்டபாடில்லை. அதனைப் பிள்ளையின் முதுகில் ஏற்றி ஓடச் சொல்கிறோம்.

நிதிக்காக ஓடுவதென்றால் முதலில் நினைவுக்கு வருபவர் கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ். கூடைப்பந்தில் பெருமுனைப்புடையவர், போட்டி அவர் குருதியிலேயே ஊறியது. 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்தார். 1980 ஏப்ரல் 12ஆம் நாள் செயற்கைக் காலுடன் அந்நாட்டின் கீழ்க்கோடியில் புறப்பட்டு, நாள்தோறும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடலானார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் தலைக்கு ஒரு டாலர் தரவேண்டும் என்பது அவர் விருப்பம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், நோய் நுரையீரலில் பரவியமையால் செப்டம்பர் 1ஆம் நாள் நின்றார். மறு ஆண்டு பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து, மக்கள்தொகையின் அளவை எட்டியது. ஜூன் 28இல் அவர் மறைந்தபோது வயது 22. 1981 முதல் அவர் பெயரால் நடைபெறும் ஓட்டத்தில் வென்றவரும் இல்லை, பரிசும் இல்லை. நடக்கலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். நம் சென்னையிலும் அது நடந்திருக்கிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். ஒடிசாவில் 2006 மே 2ஆம் நாள், புதியா சிங் என்னும் நான்கு வயதுச் சிறுவன் பூரியிலிருந்து புவனேசுவரம் வழியில் 65 கிலோமீட்டர் ஓடி, உடல் சோர்ந்து வீழ்ந்தான். நாடே வியந்தது, பின்னர் மாநில அரசு அவன் நெடுந்தூரம் ஓடுவதற்குத் தடை விதித்தது. நான்கு வயதில் அவ்வளவு தொலைவு ஓட எந்தக் குழந்தையும் தானாக ஆசைப்படாது என்பது என் கருத்து.

நிற்க. இவ்வாண்டும் பள்ளியில் ஓட்டம் நடைபெறவுள்ளது. சுற்று எண்ணுவதற்குப் பெரியோர் பன்னிருவர் தேவை. எவரும் தம் பிள்ளையின் சுற்றை எண்ணலாகாது. பிறர் பிள்ளையையே எண்ண வேண்டும். பணம் பெறுபவர் ஒருவர், கணக்குச் சரிபார்ப்பவர் வேறொருவர் என்பது நம் அலுவலக வழக்கமே அன்றோ! கயிற்றருகே கூவுவதற்கும் தடையில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொல்லிக் கூவ வேண்டும். நிழலில் தண்ணீர்ப்பானையோடு இருவர் நிற்பர். விருப்பமுள்ளோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். நான் முன்னர்க் குறிப்பிட்ட நண்பர் நேற்றே கொடுத்துவிட்டார், தண்ணீர்ப்பானை அவருக்குத்தான்.