99ஆம் நாள் குழந்தை யார் மடியில்?

(லாபு வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிளைத் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



செக்ரோல் எழுதும் கிராணிக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பெரட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே வேலைக்கு வரவில்லை என்று எழுதுகிறவன் நான். ஏனம்மா என்று கேட்டால், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்பதே பல நாள் பதில். சம்பளத்தில் கை வைக்கிற எதுவும் சங்கத்தின் விஷயந்தான்.

பேறுகால விடுப்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அது 98 நாளாயிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 99ஆம் நாள் குழந்தை யார் மடியில் இருக்கும்? பிரசவத்துக்கு முன்பே விடுப்பில் போன தாயின் குழந்தைக்கு அன்று மூன்று மாதங்கூட நிரம்பாமலிருக்கலாம்.

தோட்டத்து ஆயாக் கொட்டகையை மூத்தவர்கள் அறிவார்கள். இருட்டோடு பெரட்டுக்குப் போகும் தாய், தூங்கும் பிள்ளையை அள்ளிக்கொண்டு வந்து ஆயாவிடம் விட்டுப் போவாள். வெட்டுக்கு உடம்பு ஒத்துவராத பாட்டிதான் பெரும்பாலும் ஆயா. அவள் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டு கையால் எத்தனை பிள்ளையைப் பார்ப்பாள்? பார்க்க ஆளில்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் சுமந்தாள். அவள் படிப்பு அதோடு முடிந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் குடும்பங்கள் கலைந்தன, கொட்டகைகளும் மறைந்தன.

இனி பிள்ளை பார்ப்பது நம் வீடுகளிலேயே நடக்க வேண்டும். ஆனால் முறையாக நடக்க வேண்டும். இதற்குச் சட்டம் உண்டு. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 4 பேருக்குக் குறையாமல், 10 பேருக்கு உட்பட்டு வீட்டில் வைத்துக் கூலிக்குப் பார்ப்பவர் சமூக நல இலாகாவில் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட 3 குழந்தைக்கு ஓர் ஆள். 1 முதல் 3 வயது வரை 5 பேருக்கு ஓர் ஆள். அதற்கு மேல் 4 வயது வரை 10 பேருக்கு ஓர் ஆள் என்பது விதி. ஆகவே மூன்று கைக்குழந்தையை ஏற்றவளிடம், “இதையும் கொஞ்சம் பாரம்மா” என்று நான்காவதை நீட்டாதீர்கள்.

நேரமும் முக்கியம். ரப்பர் மரம் நம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடுகிறது. வெயில் ஏற ஏறக் குறைந்துவிடுகிறது. ஆகையால் காலை 8 மணிக்குத் திறக்கும் இடம் வெட்டுக்காரிக்கு உதவாது. நீலாய்ப் பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் அப்படியே.

பிள்ளை பார்க்கும் தாய்மார்களே! 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிழிந்து வைத்த பாலை ஐஸ்பெட்டியில் தேதி எழுதி வைத்து 4 நாளுக்குள் கொடுங்கள். ஒரு வயதுக்குமுன் தேன் தொட்டு வைக்காதீர்கள். குழந்தையை மல்லாக்கக் கிடத்தித் தூங்க வையுங்கள். முகத்தருகே தலையணை வேண்டாம். பீத்துணி மாற்றியபின் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பால் உறையவைக்கும் திராவகத்தைக் குடிநீர் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் கூடாது. ரப்பர் விதையில் நஞ்சு உண்டு. எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு அது எட்டக்கூடாது.

மூன்று வயதுப் பிள்ளைக்குச் சோறும் தூக்கமும் மட்டும் போதாது. கழுவிய பழைய மங்குகளை நிரையாக அடுக்கி எண்ணச் சொல்லுங்கள். மணலில் “அ” எழுதட்டும். இலைகளைச் சிறிது, பெரிது என்று பிரிக்கட்டும். தினம் ஒரு கதை சொல்லுங்கள். பிள்ளையையும் திருப்பிச் சொல்ல விடுங்கள். கேட்டுப் பேசிப் பழகிய பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பில் உட்காரும்போது மிரளாது.

செக்ரோலில் வெட்டுக்காரிக்கு வரியுண்டு. அவள் பிள்ளையைத் தன் வீட்டில் பார்ப்பவளுக்கு வரியில்லை. அவள் இல்லையேல் அந்த மரம் அன்று வெட்டுப்படாது. ஆகவே மூன்று கோரிக்கை வைக்கிறேன். தண்ணீரும் வேலியும் உள்ள ஒரு வீட்டை இதற்கென நிர்வாகம் ஒதுக்க வேண்டும். பார்ப்பவரின் பயிற்சிச் செலவைக் கிளை ஏற்று, பதிவுப் பாரத்தையும் எழுதித் தரவேண்டும். எழுதுவது என் பொறுப்பு. பெற்றோர் சம்பள நாளன்றே, கடன் சொல்லாமல் அவர் கூலியைக் கொடுக்க வேண்டும்.

முதல் இரண்டைக் கூட்டம் தீர்மானிக்கட்டும். மூன்றாவதற்குத் தீர்மானம் எதற்கு? வருகிற சம்பளத்திலேயே தொடங்குவோம்.